காஷ்மீர்–கன்னியாகுமரி சைக்கிள் பயணம் முடிந்தது. நடுவில் வண்டி ஏறியவர்களும் ‘முடித்தவர்கள்’தானா?

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். அக்டோபர் கடைசியில் ஸ்ரீநகரில் கிளம்பிய எங்கள் கூட்டம் ஒருவழியாகக் கன்னியாகுமரி வந்து சேர்ந்துவிட்டது. முழுக்க 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைதான்: காசிகுண்ட், பனிஹால், ராம்பன், பட்னிடாப், ஜம்மு, லூதியானா, டெல்லி, ஆக்ரா, குவாலியர், ஜான்சி, சாகர், நாக்பூர், ஹைதராபாத், கர்னூல், பெங்களூர். அப்புறம் ஓசூரில் நுழைந்தால் நம்ம ஊர். படங்களோடு பயணக் கதையைத் தனியாக எழுதுகிறேன், இந்த இழை அதற்கல்ல. வீடு திரும்பிய மறுநாளிலிருந்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பஞ்சாயத்து ஓடுகிறது. வெளியாட்கள் நாலு பேர் கருத்துச் சொன்னால் தேவலை என்று இங்கே கொண்டுவந்திருக்கிறேன்.

பதினோரு பேர் கிளம்பினோம். பின்னாலேயே சாமான்களோடு ஒரு பிக்கப் வண்டி. வழி நெடுக மிதித்தவர்கள் நான்கு பேர். அந்த நால்வரில் நான் இல்லை. ஆஸ்துமா உள்ள ஒருவர் பானிபட்டிலிருந்து டெல்லி தாண்டும் வரை வண்டியில் வந்தார். நெல் அறுத்த தாளை எரிக்கிற பருவத்தில் அந்தப் பக்கம் காற்று எப்படி இருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். அறுபதைத் தாண்டிய அக்கா ஒருவர் ராம்பனிலிருந்து பட்னிடாப் வரை வண்டியில் வந்தார். ஒருவர் ஜான்சியில் காய்ச்சல் கண்டு, ரயிலேறி ஊருக்கே போய்விட்டார். இன்னொருவருக்கு விடுப்பு தீர்ந்துபோய் ஹைதராபாத்தில் பிரிந்தார். பிரிந்தவர் கடைசிச் சனி, ஞாயிறுக்குத் திண்டுக்கல்லில் வந்து சேர்ந்துகொண்டு, எங்களோடு மாலை போட்டுக்கொண்டு கன்னியாகுமரிக்குள் நுழைந்தார். மிச்சம் மூன்று பேர் முட்டி வலி, வயிற்றுக் கோளாறு என்று அங்கங்கே அரை நாள், கால் நாள் ஏறியவர்கள். நான் முட்டி வலிக் கட்சி.

எங்கள் மன்றம் எல்லோருக்கும் ஒரே மாதிரி ஷீல்டு அடிப்பதாக இருந்தது. “காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை சைக்கிளில்”, கீழே அவரவர் பெயர். முழுதும் மிதித்த நால்வரில் ஒருவர், “இதில் எழுதியிருப்பது உண்மை இல்லை, எனக்கு வேண்டாம்” என்று சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானம் பேசியிருப்போம். நிதானமாகச் சொன்னார், அதுதான் குழுவைக் கலக்கிவிட்டது.

என் கட்சி: கூட்டமாகக் கிளம்பிய பயணம் கூட்டமாகத்தான் முடியும். ஆளாளுக்கு மார்க் போட ஆரம்பித்தால் அது வேறு விளையாட்டு. சொல்லுங்கள்.

பிரெவேப் பித்தன்

> கூட்டமாகக் கிளம்பிய பயணம் கூட்டமாகத்தான் முடியும்

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஷீல்டில் போடப்போவது “கூட்டம் போய்ச் சேர்ந்தது” என்றா? ஒவ்வொருவர் பெயரையும் போட்டு “சைக்கிளில்” என்றல்லவா எழுதுகிறீர்கள்?

பிரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்) ஓட்டுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். 200 கி.மீ.க்குப் பதின்மூன்றரை மணி நேரம், 600க்கு 40 மணி நேரம். அதற்குள் வராவிட்டால் பெயர் பட்டியலில் ஏறாது. உதவி வண்டிகூடக் குறிப்பிட்ட சோதனை இடங்களில் மட்டும்தான் கிட்ட வரலாம். 600இல் கடைசிப் பத்து கிலோமீட்டரில் விட்டுவிட்டவனை யாரும் கேவலமாகப் பார்ப்பதில்லை, சொல்லப்போனால் அவனுக்குத்தான் முதலில் டீ வாங்கித் தருவோம். ஆனால் மெடல் கிடையாது. மரியாதை வேறு, கணக்கு வேறு. இரண்டையும் ஒரே தட்டில் வைத்தால் இரண்டுமே கெடும்.

அந்த நண்பர் சொன்னது சரி என்பது என் கருத்து.

கொங்குச் சக்கரம்

ஒரு சின்னச் சந்தேகம். பனிஹால் சுரங்கத்தில் சைக்கிளை உள்ளே விட்டார்களா?

வைகைக்கரை

சரியான இடத்தில் கை வைத்தீர்கள்.

விடவில்லை. காசிகுண்ட்–பனிஹால் புதுச் சுரங்கம் 2021இல் திறந்தது, எட்டரைக் கிலோமீட்டர். வாசலில் நின்றவர்கள் சைக்கிளைப் பார்த்ததுமே கையை ஆட்டிவிட்டார்கள். உள்ளே புகை, ஓரமாகப் போக இடமில்லை, அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மலைமேல் பழைய ஜவஹர் சுரங்கம் இருக்கிறதே, 1956இல் திறந்தது, மூன்று கிலோமீட்டருக்குள்தான் வரும், அந்த வழியையாவது கொடுங்கள் என்று கேட்டுப் பார்த்தோம். அன்றைக்கு அதுவும் இல்லை. இரண்டு நடையாக எல்லா சைக்கிளையும் பிக்கப்பில் ஏற்றி அந்தப் பக்கம் இறக்கினோம். எல்லோருமேதான், அந்த நால்வர் உட்பட.

அடுத்த சுரங்கம் செனானி–நஷ்ரி, 2017இல் திறந்தது, ஒன்பது கிலோமீட்டருக்கும் மேல். அங்கே கேட்கவே இல்லை. பழைய சாலையில் பட்னிடாப் ஏறி இறங்கினோம். சினாப் ஆற்றங்கரையில் கிடக்கிற ராம்பனிலிருந்து, கடல்மட்டத்துக்கு மேல் 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிற பட்னிடாப் வரை ஏற வேண்டும். வடக்கே இருந்து தெற்கே வருகிறோம், படம் பார்த்தால் மேலிருந்து கீழே, எல்லாம் இறக்கம்தானே என்று எங்கள் ஆட்களில் ரெண்டு பேர் நிஜமாகவே நினைத்திருந்தார்கள். அன்று மாலை குட் ஊரில் அவர்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். (குட் ஊர் பதீசா இனிப்புக்குப் பேர்போனது. நெய்யில் மிதக்கும். அன்றைக்கு அதைத்தான் இரவுச் சாப்பாடு மாதிரி சாப்பிட்டோம்.)

கொங்குச் சக்கரம்

அப்படியானால் யாருமே முடிக்கவில்லை. வழக்கு தள்ளுபடி.

பிரெவேப் பித்தன்

வாதத்துக்கு அழகாக இருக்கிறது தோழரே, ஆனால் ஒட்டாது. வழி மறுத்தது வேறு, கால் மறுத்தது வேறு. வழி மூடியிருந்தால் அது எல்லோருக்கும் ஒரே மாதிரி மூடியிருக்கிறது, யாருக்கும் சலுகை இல்லை. பட்னிடாப் ஏற்றம் எல்லோருக்கும் திறந்துதான் இருந்தது.

ஹூஸ்டன் ஹேண்டில்பார்

இங்கே அமெரிக்காவில் நாட்டைக் குறுக்கே கடக்கும் சைக்கிள் பயணம் என்றால் எல்லோரும் 1976இலிருந்துதான் கதையை ஆரம்பிப்பார்கள். நாடு விடுதலை பெற்ற 200ஆவது ஆண்டு. பைக்சென்டெனியல் என்று பெயர் வைத்து, மேற்கே ஆரிகன் மாநிலத்து அஸ்டோரியாவிலிருந்து கிழக்கே வர்ஜீனியாவின் யார்க்டவுன் வரை ஒரு பாதையை வகுத்தார்கள், 4,200 மைலுக்கும் மேல். 4,000 பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள். அதில் முழுப் பாதையையும் கடந்தவர்கள் சுமார் 2,000 பேர். சிறு சிறு கூட்டமாக, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு தலைவர் வைத்துப் போனார்கள். பாதி வழிக்கு மட்டும் வருகிறவர்களுக்கும் அதற்கென்று பயணம் இருந்தது.

நான் கவனித்தது இதுதான். பாதி வந்தவர்களும் அந்த வருஷத்து ஆட்கள்தான், அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. ஆனால் “முழுக்கப் போனீர்களா?” என்று கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவார்கள், அதில் கூச்சமும் கிடையாது. நம் ஆட்களுக்குத்தான் “இல்லை” என்று சொல்வது தோல்வி மாதிரி. அதனால்தான் எல்லோருக்கும் ஷீல்டு.

தொப்பூர் இறக்கம்

விவாதத்துக்குச் சம்பந்தமில்லாத கேள்வி, மன்னிக்கவும். என் பெயரில் இருக்கும் அந்த ஊரில் எப்படி இறங்கினீர்கள்? தர்மபுரியிலிருந்து சேலம் வரும்போது அந்தக் கணவாயில் லாரிகள் பிரேக் பிடிக்காமல் வரிசையாக மோதிய கதை வருஷத்துக்கு எத்தனை! எங்கள் ஊர்ப் பையன்கள் அங்கே இறங்கும்போது பின்னால் ஒருவனை பைக்கில் வரச் சொல்லிவிட்டுத்தான் இறங்குவார்கள்.

வைகைக்கரை

> எப்படி இறங்கினீர்கள்?

காலையில் ஏழு மணிக்கு முன்னாலேயே. பிக்கப் வண்டி பின்னால், அபாய விளக்கைப் போட்டுக்கொண்டு. இருவர் இருவராகப் போவதை நிறுத்தி ஒற்றை வரிசை, நடுவில் ஆளுக்கு ஐம்பது மீட்டர் இடைவெளி. அன்று மழை வேறு. வடகிழக்குப் பருவமழை எங்களைக் கிருஷ்ணகிரியிலேயே பிடித்துக்கொண்டது. நவம்பரில் தமிழ்நாட்டுக்குள் வருகிறவர்கள் ரிம் பிரேக்கை நம்ப வேண்டாம், டிஸ்க் இருந்தால் புண்ணியம்.

பட்னிடாப் பெரியம்மா (புதிய உறுப்பினர்)

இந்த இழையைப் பேரன்தான் காட்டினான். “அறுபதைத் தாண்டிய அக்கா” நான்தான். பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவள்.

முதலில் ஒன்று. எனக்கு ஷீல்டு வேண்டாம். பரணில் ஏற்கெனவே பிள்ளைகள் வாங்கிய கோப்பைகள் தூசு படிந்து கிடக்கின்றன. அதனால் என் பேரைச் சொல்லி யாரும் சண்டை போட வேண்டாம்.

இரண்டாவது. என்னைப் பாவம் என்று பேசுவதும் வேண்டாம். ராம்பனில் நான் ஏறியது முடியாமல் இல்லை. முந்தின நாள் ராம்பன் பக்கம் மலை சரிந்து சாலையில் மணிக்கணக்காக நின்றோம், இருட்டிய பிறகுதான் ஊர் சேர்ந்தோம். மறுநாள் நானும் மிதித்திருந்தால் என் வேகத்துக்கு இரவுதான் மேலே போயிருப்பேன், மற்ற பத்துப் பேரும் அந்தக் குளிரில் எனக்காகக் காத்திருந்திருப்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் ஏறினேன். மேலே போய் எல்லோருக்கும் அறை பிடித்து, வெந்நீர் சொல்லி வைத்தது யார் என்று வைகைக்கரைத் தம்பியைக் கேளுங்கள். மறுநாள் இறக்கத்தில் சைக்கிளை எடுத்துக்கொண்டேன். “ஏறும்போது வண்டி, இறங்கும்போது சைக்கிளா?” என்று கிண்டல் செய்தார்கள். ஆமாம், அப்படித்தான்.

எல்லோரையும் ஏற்றிய பனிஹால் சுரங்கமும் அந்த நாளும் தவிர ஒரு கிலோமீட்டர் கூட விடவில்லை. சியோனி தாண்டி பெஞ்ச் காட்டுக்குள் சாலையைத் தூண்மேல் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள், கீழே விலங்குகள் கடந்து போவதற்காக. அந்த மேம்பாலத்தில் காலை வெயிலில் தனியாக மிதித்துக்கொண்டு போனேன். கீழே புலி போய்க்கொண்டிருக்கலாம், மேலே நான் போய்க்கொண்டிருக்கிறேன். அது போதும் எனக்கு.

மூன்றாவது, இவ்வளவு பேசுகிறீர்களே, வண்டி ஓட்டிய தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை உண்டா? நாங்கள் மணிக்கு இருபதில் போனால் அவனும் இருபதில்தான் ஓட்டினான். கிளட்ச் காலோடு காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி. அவனுக்கு ஷீல்டு என்று யாராவது யோசித்தீர்களா?

கொங்குச் சக்கரம்

பெரியம்மா, உங்களுக்கு ஒரு சல்யூட். டிரைவர் கேள்வியும் நியாயம்.

பிசியோ நிலா

நான் பிசியோதெரபிஸ்ட். சைக்கிள் ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர் என்னிடம் வருகிறார்கள். வண்டியில் ஏறுவதைக் கௌரவப் பிரச்சினை ஆக்காதீர்கள் என்பதுதான் என் ஒரே கோரிக்கை. ஏறினால் கணக்கில் சேர்க்க மாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், முட்டி வீங்கியிருந்தாலும் மறைத்து மிதிப்பார்கள். போட்டியில் அது அவரவர் விருப்பம். கூட்டுப் பயணத்தில் பக்கத்தில் இருப்பவரின் வலியை நீங்கள்தான் உண்டாக்குகிறீர்கள்.

முழுதும் மிதித்த அந்த நால்வருக்கும் ஒரு கேள்வி: சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போயிருக்கிறதா? நீண்ட தூரம் ஓட்டியவர்களுக்கு அநேகமாக இருக்கும். உள்ளங்கையின் வெளி ஓரத்தில், மணிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு நரம்பு ஓடுகிறது. ஹேண்டிலில் உடல் எடையைச் சாய்த்துச் சாய்த்து அது நசுங்குகிறது. வெறும் மரப்பு என்றால் சில வாரங்களில் தானாகச் சரியாகிவிடும், சிலருக்கு ஒன்றிரண்டு மாதம்கூட ஆகும். பலம் குறைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் நடுவில் ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு வேறொருவரை இழுக்கச் சொல்லுங்கள். தாளை விடாமல் இருக்கக் கட்டை விரல் நுனி மடங்கினால் நரம்பியல் மருத்துவரைப் பார்ப்பது நல்லது, தள்ளிப்போட வேண்டாம்.

இன்னொன்று, பயணம் முடிந்ததும் மிதிப்பது நின்றுவிடும், பசி நிற்காது. இரண்டு மூன்று வாரம் ஜாக்கிரதை.

நால்வரில் ஒருவன்

பிசியோ நிலா, இரண்டு விரலும் மரத்துத்தான் இருக்கிறது. தாளைப் பிடித்துப் பார்த்தேன், கட்டை விரல் மடங்கவில்லை. நன்றி.

ஷீல்டு வேண்டாம் என்று சொன்னவன் நான்தான். குழுவில் சொன்னதைச் சரியாகக் கேட்காமல் ஆளுக்கு ஒரு அர்த்தம் எடுத்துக்கொண்டார்கள், அதனால் இங்கே எழுதிவிடுகிறேன். மற்றவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. லலித்பூருக்கும் சாகருக்கும் நடுவில் எனக்கும் காய்ச்சல். வண்டியில் ஏறாமல் மிதித்தேன். அது வீரம் என்று இப்போது தோன்றவில்லை, பிடிவாதம் அவ்வளவுதான். ஆனால் அந்த நாள் எனக்கு முக்கியம். எல்லோருக்கும் ஒரே வாசகம் என்றால் அந்த நாளுக்கு இடம் இல்லாமல் போகிறது.

பனிஹாலில் நானும் பிக்கப்பின் பின்னால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வந்தவன்தான். பிரெவேப் பித்தன் சார் எனக்காக வாதாடுகிறார், நன்றி. ஆனால் வழி மறுத்தாலும் கால் மறுத்தாலும் அந்த எட்டரைக் கிலோமீட்டரை நான் மிதிக்கவில்லை. “சைக்கிளில்” என்று என் பெயரோடு எழுதினால் எனக்கும் அது பொய்தான். நால்வருக்கு மட்டும் தனி ஷீல்டு என்று மன்றத்தில் ஒரு யோசனை வந்தது. அதையும் வேண்டாம் என்றேன்.

பிரெவேப் பித்தன்

என் கட்சிக்காரரே என் கட்சியை விட்டுப் போய்விட்டார். சரி, மதிக்கிறேன். 

அப்படியானால் என்னதான் எழுதுவது?

பருத்தித்துறை முனை

வணக்கம். நாங்கள் சின்னத் தீவு, உங்கள் தூரத்தோடு ஒப்பிட ஏலாது. பருத்தித்துறையில் சக்கோட்டை முனையிலிருந்து தெற்கே தெய்வேந்திரமுனை வெளிச்சவீடு வரைக்கும் ஒரு கூட்டமாகப் போனோம். எங்களுக்கும் கடைசி நாள் இதே பிரச்சினை வேறு மாதிரி வந்தது. மாத்தறை தாண்டினதும் வேகமான பெடியள் விட்டுப் பிடித்து ஓடத் தொடங்கிவிட்டார்கள். வெளிச்சவீட்டடியில் அவர்கள் படம் எடுத்து முடித்துத் தேத்தண்ணியும் குடித்த பிறகுதான் கடைசி ஆள் வந்தார். வந்தவருக்குக் கை தட்டக்கூட ஆள் குறைவு. ஷீல்டை விட அதுதான் மனதில் நிற்கும் விஷயம் என்று நினைக்கிறேன். நீங்கள் கன்னியாகுமரிக்குள் எப்படி நுழைந்தீர்கள்?

வைகைக்கரை

நல்ல கேள்வி. இதை முதலிலேயே எழுதியிருக்கலாம்.

கடைசி நாளைச் சின்னதாக வைத்திருந்தோம். திருநெல்வேலியிலிருந்து 85 கிலோமீட்டர்போலத்தான். நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி, அப்புறம் காவல்கிணறு. காவல்கிணற்றில் ஒரு டீக்கடையில் எல்லோரும் நிற்க வேண்டும், கடைசி ஆள் வந்து டீ குடித்து முடிக்கும் வரை யாரும் சீட்டில் ஏறக் கூடாது என்று முந்தின இரவே பேசிவிட்டோம். அங்கிருந்து முன்னால் போகிறவர் பெரியம்மா. அவர் வேகம்தான் எல்லோர் வேகமும். முப்பந்தல் காற்றாலைகள் வழியாக, சுற்றிலும் இறக்கைகள் சுழல, ஒரே வரிசையாகப் போனது இருக்கிறதே, அதுதான் பயணத்திலேயே அழகான பகுதி.

வேகமாக ஓட்டுகிற ரெண்டு பேருக்கு அது கஷ்டமாக இருந்தது. ஒருவர் வாய்விட்டே சொன்னார், “3,600 கிலோமீட்டர் வந்துவிட்டு இப்போது மணிக்குப் பதினைந்தில் ஊர்வலம் போகிறோமே” என்று. போனோம்.

நாஞ்சில் காற்று

> முப்பந்தல் காற்றாலைகள் வழியாக

அண்ணாச்சி, அது முப்பந்தல் இல்லை. காவல்கிணற்றில் சாலை பிரிகிறது. வலது பக்கம் முப்பந்தல், ஆரல்வாய்மொழி, நாகர்கோவில் போவது 944. நீங்கள் வந்த 44 நேராகத் தெற்கே கன்னியாகுமரி போய்விடும். முப்பந்தலுக்குள் போயிருந்தால் நாகர்கோவிலில்தான் முடித்திருப்பீர்கள். காற்றாலை இந்தச் சாலையிலும் இரண்டு பக்கமும் இருப்பதால் எல்லோரும் முப்பந்தல் என்று எழுதிவிடுகிறார்கள்.

நவம்பரில் வந்ததால் தப்பித்தீர்கள். ஆடி மாதம் வந்து பாருங்கள். கணவாய் வழியாக மேற்கிலிருந்து வருகிற காற்று பக்கவாட்டில் அடித்து சைக்கிளைச் சாலையின் ஓரத்துக்குத் தள்ளிவிடும். அந்தப் பருவத்தில் வருகிற கூட்டங்களை நாங்கள் காவல்கிணற்றில் போய்க் கூட்டிக்கொண்டு வருவோம்.

வைகைக்கரை

திருத்தத்துக்கு நன்றி. பயணக் கதையிலும் மாற்றிவிடுகிறேன்.

புதுமிதி

நான் அடுத்த வருஷம் போகலாம் என்று இருக்கிறேன். ஷீல்டு சண்டைக்குள் வரவில்லை. டயர் எது, பஞ்சர் எத்தனை, திரும்ப ரயிலில் சைக்கிளை எப்படிப் போடுவது என்று யாராவது சொல்லுங்களேன்.

நால்வரில் ஒருவன்

பஞ்சருக்கு முக்கியக் காரணம் ஆணியோ முள்ளோ இல்லை. லாரி டயர் வெடித்துச் சிதறினால் அதற்குள் இருக்கும் எஃகுக் கம்பி இழைகள் சாலையோரம் முழுக்கக் கிடக்கும். தலைமுடி கனம்தான் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. நாக்பூரிலிருந்து அடிலாபாத் வரை எங்களைப் பிழிந்து எடுத்துவிட்டது. டியூபை மட்டும் மாற்றினால் பத்து கிலோமீட்டரில் மறுபடியும் இறங்கும், ஏனென்றால் கம்பி டயரிலேயே செருகி இருக்கும். கொஞ்சம் பஞ்சை எடுத்து டயரின் உட்புறம் சுற்றித் தடவுங்கள். எங்கே பஞ்சு மாட்டிக்கொள்கிறதோ அங்கே கம்பி. சாமணம் ஒன்று கட்டாயம் கையில் வேண்டும், விரலால் பிடுங்க வராது. வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஓரத்தில் போகப் போக இந்தத் தொல்லை அதிகம். கோட்டின் மேலேயே போனால் குறைவு, ஆனால் பின்னால் வருகிற வண்டியைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போக வேண்டும்.

டயர் 32 மி.மீ.க்குக் குறையாமல், பஞ்சர் தடுப்புப் பட்டை உள்ளதாகப் பாருங்கள். எடை கூடும், பரவாயில்லை.

பட்னிடாப் பெரியம்மா

ஷீல்டுக்கு வருகிறேன். கணக்கு வாத்தியார் யோசனை ஒன்று. எல்லோர் கையிலும் அந்தக் கடிகாரமும் செல்போனும் ஓடிய வழியைப் பதிவு செய்துதானே வைத்திருக்கின்றன? இந்தியப் படத்தைப் போட்டு, அவரவர் மிதித்த வழியை மட்டும் கோடாக வரைந்து கொடுங்கள். மிதிக்காத இடத்தில் கோடு இருக்காது. வாசகமே வேண்டாம். என் படத்தில் ராம்பனுக்கும் பட்னிடாப்புக்கும் நடுவில் இடைவெளி இருக்கும், அதை நான் எல்லோருக்கும் காட்டுவேன். ஜான்சியில் போன பையனுக்கும் ஜான்சி வரை கோடு உண்டு. ஹைதராபாத் தம்பிக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று.

பிரெவேப் பித்தன்

இது சரி. எனக்குச் சம்மதம். ஒரு நிபந்தனை: பனிஹாலில் எல்லோர் படத்திலும் அந்த இடைவெளியைக் காட்ட வேண்டும். படத்தில் அது கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னதாக இருந்தாலும்.

நால்வரில் ஒருவன்

சம்மதம். எனக்கும் ஒன்று போடுங்கள்.

ஹூஸ்டன் ஹேண்டில்பார்

டிரைவர் தம்பி படத்தில் இடைவெளியே இருக்காது :)

வைகைக்கரை

மன்றத்தில் பேசிவிட்டேன். ஷீல்டு ஆர்டரை ரத்து செய்தாயிற்று. முன்பணம் திரும்ப வராது என்று கடைக்காரர் சொல்கிறார், அது என் தலைவலி. படம்தான் அடிக்கப்போகிறோம், டிரைவருக்கும் சேர்த்துப் பன்னிரண்டு. ஆனால் இதோடு எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். எங்களில் ஒருவர், “கோடு போட்டுக் காட்டினால் ஷீல்டைவிட மோசம், என் மூட்டு வலியைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டச் சொல்கிறீர்கள்” என்று வருத்தப்பட்டார். அவருக்கு விருப்பமில்லை என்றால் அவருக்கு வெறும் குழுப் படம். கட்டாயப்படுத்தப்போவதில்லை.

அடுத்த முறை போகிறவர்கள் இதைக் கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள். வண்டியில் எப்போது ஏறலாம், யார் சொன்னால் ஏற வேண்டும், கடைசியில் என்ன கொடுப்போம், எல்லாவற்றையும். பாதி வழியில் பேசினால் ஏற்கெனவே ஏறிய ஆளைப் பற்றிப் பேசுவதாகிவிடும்.

கோடு வரைய ஓடிய வழிக் கோப்புகளை ஞாயிற்றுக்கிழமைக்குள் எல்லோரும் எனக்கு அனுப்புங்கள். யாராவது அந்த மென்பொருள் தெரிந்தவர்கள் இருந்தால் உதவி தேவை.

கொங்குச் சக்கரம்

நான் செய்து தருகிறேன், காசு வேண்டாம். தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன்.

புதுமிதி

ரயில் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே...

நாஞ்சில் காற்று

தம்பி, சொல்கிறேன். இங்கிருந்து வடக்கே போக ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் வாரம் ஒருமுறை, கன்னியாகுமரியில் கிளம்பி ஜம்மு தாவி வழியாகக் கத்ரா போகிறது. மூன்று நாள் பயணம். பயணத்தைத் தொடங்கப் போகிறவர்கள் பலரும் இதில் ஏறி ஜம்முவில் இறங்கி, அங்கிருந்து ஸ்ரீநகருக்கு டாக்ஸியின் தலையில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு போவார்கள்.

முடித்துவிட்டு ஊர் திரும்புகிறவர்கள் நாகர்கோவில் சந்திப்பில் போடுவது வசதி, பார்சல் அலுவலகத்தில் நெரிசல் குறைவு. வண்டி கிளம்ப இரண்டு மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். டிக்கெட்டைக் காட்டி உங்கள் ரயிலிலேயே லக்கேஜாகப் போடச் சொல்லுங்கள், வெறும் பார்சல் என்று போட்டால் சைக்கிள் எந்த ரயிலில் வரும் என்று தெரியாது. இரண்டு பெடலையும் கழற்றிவிடுங்கள். இடது பெடல் மரை தலைகீழ், வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழறும். தெரியாமல் இறுக்கிவிட்டு எங்கள் கடைக்கு வருகிறவர்கள் ஏராளம். பின் கியர் தொங்குகிற பாகத்தைக் கழற்றிச் சட்டத்தின் உள்பக்கம் துணி சுற்றிக் கட்டுங்கள், அடிபடுவது எப்போதும் அதுதான். சாக்கும் கயிறும் நிலையத்துக்கு வெளியே கிடைக்கும். பெயர், டிக்கெட் எண், இறங்கும் நிலையம் மூன்றையும் அட்டையில் மார்க்கரால் எழுதி இரண்டு இடத்தில் கட்டுங்கள், ஒன்று பிய்ந்தாலும் ஒன்று இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். கூட்டம் தாங்காது.